கைக்குட்டை சுற்றிய விரல்

திருச்சியில் தபால்தலை சேகரிப்பவர்களின் கூட்டம். போகும் வழியில் காய்ச்சல் முற்றி, விருத்தாசலம் ஜங்ஷனிலேயே இறங்கிவிட்டேன். அதே கூட்டத்துக்குப் போக அந்த ரயிலுக்காக நின்றிருந்த ஒருவர், என் கையிலிருந்த ஆல்பத்தைப் பார்த்ததும் ஏறாமல் நின்றுவிட்டார். பீங்கான் கம்பெனிக்காரர் போலும், புருவத்தில் வெள்ளை மண் படிந்திருந்தது.

என்னை பெஞ்சில் படுக்கவைத்து டீ வாங்கித் தந்தார். பிறகு விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினார். அதே விரலால் என் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார்.

"வூட்ல வேற யாருக்காச்சும் இதோட அருமை தெரியுங்களா?"

"இல்லைங்க."

"வூட்டு போன் நம்பரு சொல்லுங்க."

இன்றும் மாதம் தவறாமல் போன் செய்கிறார். "ஒடம்பு எப்படிங்க இருக்குது?" ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நன்றாக இருக்கிறேன் என்றால், "சரிங்க, அடுத்த மாசம் கேக்கறேன்" என்று வைத்துவிடுகிறார்.