பஸ்ரியனும் புசல்லாவை இறக்கமும்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற பஸ்ரியனுக்கு உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. சைக்கிள் ஓட்டுகிறவனைப் பிடிக்காது. ஓட்டத் தெரியாமல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனை அதைவிடப் பிடிக்காது. காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு மனிதன் வந்தால், பஸ்ரியன் மேலும் கீழும் பார்க்கிற பார்வையில் வந்தவனுக்கும் பாதிக் காற்றுப் போய்விடும். தெருவில் திரிகிற கழுதைகளுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்புக் கொடுத்தான். "அதுகள் தங்கட பாட்டைத் தாங்கள் பார்க்குதுகள். ஒருத்தரிட்டையும் வந்து பல்லைக் காட்டாதுகள்" என்பான்.

அதே ஊரில், உப்புக்குளத்தில் அவனுக்கு வீடு. மாக்கிறட் என்று ஒரு பெண்சாதி. அந்தப் பெண் அவனோடு எப்படிக் காலம் தள்ளினாள் என்பதை மடுமாதாதான் சொல்லவேண்டும். ஒரு வருஷம் கோயில் பெருநாள் செவ்வாய்க்கிழமை என்று அவன் அடித்துச் சொன்னான். சுவாமியார் புதன் என்று பூசையில் அறிவித்த பிறகும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டி, வெள்ளை வேட்டி கட்டி, தன் வீட்டு வாசலில் தனியாகப் பெருநாள் கொண்டாடினான். புதன்கிழமை ஊரே கோயிலில் நிற்க, அவன் கடையில் இருந்து செயின் கழுவினான். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவன் பிறப்பிலேயே இல்லை.

கை மட்டும் நல்ல கை. அதை மறைத்துச் சொன்னால் பாவம் வரும். நெளிந்த றிம்மை ஒற்றைக் கண்ணால் பார்த்தே நிமிர்த்திவிடுவான். ஆனால் பிறேக் என்றால் அவனுக்கு இளக்காரம். கடல்காற்று பிறேக் கம்பியை இரண்டு மாரிக்குள் தின்று முடித்துவிடும். தின்றதை அவன் கழற்றி எறிவானே தவிரத் திரும்பப் போடமாட்டான். மன்னாரில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தெருவில் தேங்காயை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். நிற்கவேண்டுமென்றால் செருப்பை முன்டயரில் அழுத்துவார்கள், இல்லாவிட்டால் காலை மணலில் ஊன்றுவார்கள். யாராவது பிறேக் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டால் பஸ்ரியன் தலையை நிமிர்த்தமாட்டான். "ஏன், கடலுக்குள்ளை விழுந்திடுவியோ?"

அறுபத்தாறாம் ஆண்டு மன்னார் அரசாங்கக் கச்சேரியில் செல்வநாயகம் என்று ஒரு கிளாக்கர் இருந்தார். கந்தோரில் உட்கார்ந்து உட்கார்ந்து மனிதருக்குக் கால் உளைந்திருக்கவேண்டும். ஒரு வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் கோடு கீறினார். மடுப் பெருநாள் முடிந்த கையோடு சைக்கிளில் புறப்படுவது, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போய், மகாவலிப் பள்ளத்தாக்கு வழியே கம்பளைக்கு வந்து, அங்கிருந்து புசல்லாவை மலைக்கு ஏறி இறங்குவது. பஸ் ஓடுகிற நாட்டில் இப்படி ஒரு யோசனை. புடைவைக்கடை ஹலீம் சேர்ந்தான். பேதுருவும் சேர்ந்தான். அவன் வள்ளக்காரன், பஸ்ரியனுடைய தங்கச்சியைக் கட்டியவன். வழியில் சைக்கிள் பழுதானால் பார்க்க ஆள் வேண்டுமென்று பஸ்ரியனைக் கேட்டார்கள்.

மலை பார்க்கிற ஆசையில் அவன் போனான் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். தான் இல்லாமல் இதுகள் பக்கத்து முருங்கனையும் தாண்டாது என்று காட்டத்தான் போனான்.

"எல்லாச் சைக்கிளுக்கும் புதுப் பிறேக் கட்டை போடவேணும், பஸ்ரியன். மலை எண்டால் இறக்கம் இருக்கும்" என்றார் கிளாக்கர்.

"படத்திலை இருக்கோ அந்த இறக்கம்?"

"படத்திலை எப்பிடியப்பா தெரியும்?"

"அப்ப ஏன் பயப்பிடுறீர்?"

ஆனாலும் போட்டான். கடையில் வாங்கிப் போடவில்லை. பழைய லொறி டயரைக் கத்தியால் வெட்டி, நாலு சைக்கிளுக்கும் கட்டை செய்து, கம்பியும் மாட்டிப் பூட்டினான். பூட்டிவிட்டு மற்ற மூவரையும் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற தாம்போதிக்குக் கூட்டிக்கொண்டு போய், பெருநிலப் பக்கமிருந்து ஊரை நோக்கி அவர்களோடு தானும் ஓடினான். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. பிறேக்கைப் பிடித்ததும் நாலு சைக்கிளும் ஆணி அடித்ததுபோல் நின்றன.

"என்ன கிளாக்கர் ஐயா, காணுமோ?"

கிளாக்கரும் காணும், இது போதும் என்றார். வருஷத்தில் பாதி நாள் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுகிற சனத்துக்குக் காற்று ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. நிறுத்தியது பிறேக்கா, காற்றா என்று கேட்க அந்த நாலு தலையில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. ஆவணி மாதத்து மன்னாரில் ஒரு சொட்டு மழையும் இல்லை. நனைந்த றிம் எப்படியிருக்கும் என்று யார் கண்டது?

மடுவில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனார்கள். வழி நெடுகப் பஸ்ரியன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அநுராதபுரத்துக் குளத்தைப் பார்த்து, "இவ்வளவு தண்ணியையும் கட்டி வைச்சு என்ன, ஒரு சூடைமீன் உண்டோ?" என்றான். சுற்றிவர மலை நிற்கிற கண்டியைப் பெரிய கிணறு என்றான். மகாவலி வளைந்து வளைந்து போவதைக் கிளாக்கர் வாயைப் பிளந்து பார்த்தபோது, "எங்கட அருவியாறு இப்பிடிக் குடிகாரன் மாதிரி வழி தேடிக்கொண்டு திரியாது" என்றான்.

கம்பளைக்கு நாலைந்து மைல் இருக்கும்போது பின்னேரம் தூறல் பிடித்தது. சின்ன இறக்கம் ஒன்று வந்தது. மற்ற மூவரும் முன்னே மிதித்துப்போய்ச் சமநிலத்தைப் பிடித்துவிட்டார்கள். கடைசியாக வந்த பஸ்ரியன் எதிரே மாட்டுவண்டியைக் கண்டு பிறேக்கைப் பிடித்தான். கம்பி முழுக்க மேலே வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. சவர்க்காரம் பூசியதுபோல் கட்டை வழுக்கியது. செருப்பை டயரில் அழுத்தினான், செருப்பும் வழுக்கியது. வண்டிக்காரன் சிங்களத்தில் ஏதோ கத்த, பஸ்ரியன் சைக்கிளோடு வயல் வாய்க்காலுக்குள் போனான்.

முழங்கால் உரிந்திருந்தது. சேற்றைக் கழுவிக்கொண்டு போனவனிடம், "என்ன மச்சான், வாய்க்காலுக்குள்ளையோ நிண்டனீ?" என்று பேதுரு கேட்டான்.

"செயினைக் கழுவினனான். உன்னை மாதிரி ஊத்தையோடை ஓடுவனெண்டு நினைச்சியோ?"

மூவரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அவர்களுடைய சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, நனைந்த றிம்மில் பிறேக்கைப் பிடித்துப் பார்த்தான். மூன்றும் நிற்காமல் சுற்றின.

அடுத்த நாள் மலை ஏறினார்கள். ஏறினார்கள் என்ன, சைக்கிளைத் தள்ளினார்கள். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். ஒவ்வொரு வளைவும் ஏற ஏற, இதே வளைவில் பேதுரு எப்படி இறங்குவான் என்று பஸ்ரியன் கணக்குப் பார்த்தான். ஒரு சொல் சொன்னால் போதும். நான் வெட்டிய கட்டை சரியில்லை என்கிற ஒரு சொல். அந்தச் சொல் வாய்வரைக்கும் வரும். வாய் திறந்தால் வேறு ஏதாவது விழும்.

"திரும்பிப் போவம். என்ன கிடக்கு மேலை? இலை. நாலு ஆட்டை விட்டால் முடிஞ்சிடும்."

"பஸ்ரியன் அண்ணைக்கு மூச்சு வாங்குது போலை" என்றான் ஹலீம்.

"களைச்சால் சொல்லு மச்சான், கரியரிலை ஏத்தித் தள்ளுறன்" என்றான் பேதுரு.

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ரியன் முன்னைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போனான். பிழை விட்டேன் என்று சொல்வதைவிட மூன்று பேரைப் பள்ளத்தில் விடுவது சுலபமென்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

புசல்லாவையில் தங்கி, மறுநாள் காலை ரொட்டியும் பிளேன்ரீயுமாகப் பசியாறி இறங்கப் புறப்பட்டார்கள். மெல்லிய மழை. ரோட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. பேதுரு காலைத் தூக்கிச் சைக்கிளில் போட்டான்.

"நான் முன்னுக்குப் போறன். கடலிலை ஓட்டுறவனுக்கு இதென்ன. கம்பளையிலை சந்திப்பம்."

ஒரு கால் தரையில், ஒரு கால் மிதியில். பஸ்ரியன் பாய்ந்துபோய்க் கரியரைப் பிடித்தான்.

"இறங்கு."

"ஏன்?"

"சக்கரம் சரியில்லை."

"முந்தநாள் எல்லாச் சைக்கிளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தனீயே. கடைக்குள்ளை இருந்து கண்டனாங்கள். விடு மச்சான்."

பஸ்ரியன் விடவில்லை. பேதுரு மிதிக்க, இவன் இழுக்க, சைக்கிள் மாடுபோல் முரண்டியது.

"பிறேக் பிடிக்காது" என்றான் பஸ்ரியன். "உன்ரையும் பிடிக்காது. இவையின்ரையும் பிடிக்காது. என்ர கட்டை நனைஞ்சால் வழுக்கும். முந்தநாள் நான் வாய்க்காலுக்குள்ளை விழுந்தனான்."

பேதுரு மெல்லக் காலை எடுத்து இறங்கினான்.

"முந்தநாள் தெரியும்?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு உயரத்துக்கு என்னோடை ஏறினனீ?"

பஸ்ரியன் கரியரிலிருந்து கையை எடுத்தான்.

"மூண்டு பிள்ளையள் எனக்கு. உன்ர தங்கச்சி பெத்த பிள்ளையள்."

கிளாக்கர் குனிந்து தன் பிறேக் கட்டையைப் பார்த்தார். ஹலீம் தன் சைக்கிளைப் பாம்பைப் பார்க்கிறதுபோல் பார்த்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். மேலே தேயிலைக்குள் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிரேக் இல்லாமயா மல ஏறி வந்தீங்க? எந்த ஊருங்க நீங்க?"

"மன்னார்" என்றான் ஹலீம்.

"அங்க மலையே கெடையாதா?"

"இல்லை."

"அப்ப சரி" என்றாள், பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டதுபோல். பிறகு மனமிரங்கி, "எங்க தோட்டத்துப் பசங்க பெரிய கொப்பா வெட்டி, பின்னால கட்டி இழுத்துக்கிட்டே எறங்குவாங்க. அது புடிக்கும். எறங்கிப் பாருங்க" என்று, முறித்துப்போட்டிருந்த மரக்கொப்புகளைக் காட்டினாள்.

பஸ்ரியன்தான் கொப்புகளை இழுத்து வந்தான். நாலு சைக்கிளின் பின்னாலும் கயிற்றால் கட்டினான். கட்டி முடித்ததும் பேதுரு குனிந்து, தன் சைக்கிளில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வள்ளத்தில் கட்டுகிற முடிச்சாகத் தானே கட்டினான். அதைப் பார்த்து ஹலீம் தன்னுடையதை அவிழ்த்துப் பேதுருவிடம் நீட்டினான். கிளாக்கரும் அப்படியே. பஸ்ரியனுடைய சைக்கிளில் மட்டும் அவன் கட்டிய முடிச்சு இருந்தது.

"நீ முன்னுக்குப் போ" என்றான் பேதுரு. "கட்டை வெட்டினவன் முன்னுக்குப் போறதுதான் முறை."

போனான். பின்னால் கொப்பு ரோட்டில் உரசிக் கரகரவென்று கத்தியது. வளைவுகளில் அது பள்ளத்துப் பக்கம் வீச, சைக்கிளும் கூடச் சாய, இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து நிமிர்ந்தான். செருப்பின் குதிப்பக்கம் தேய்ந்து போய்விட்டது. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி ஒதுங்கிப்போக, உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டி, கொப்பு இழுக்கிற நாலு பெரிய மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் ஒரு பட்டாளமாகக் கூட ஓடிவந்து கூக்காட்டினார்கள். மன்னாரில் ஊரையே எடைபோட்டவன் அந்தப் பன்னிரண்டு மைலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

கம்பளைக் கடைவீதியில் நாலு சோடிப் பிறேக் கட்டை வாங்கி, ரோட்டோரத்தில் குந்தியிருந்து பூட்டினான். பேதுரு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லில் இருந்தான். வேலை முடிந்தது. பஸ்ரியன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தள்ளி நின்றான். 'சரி' என்றோ 'ஓடிப் பார்' என்றோ அவன் சொல்லவில்லை.

பேதுரு தேத்தண்ணிக் கடையில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிவந்தான். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, றிம்மில் தண்ணீரை ஊற்றி, பிறேக்கைப் பிடித்தான். சக்கரம் நின்றது. முன்சக்கரத்துக்கும் அப்படியே செய்தான். அதுவும் நின்றது. மிச்சத் தண்ணீரை நிலத்தில் கொட்டினான்.

"பிடிக்குது" என்றான் ஹலீமைப் பார்த்து.