ஈஸ்ட் வளராத வைக்கோல்

நாளிதழ் வேலையை விட்டபின், பாலக்காட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அறிக்கை எழுதச் சேர்ந்தேன். அங்கே ஓர் ஆய்வாளர், ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, வைக்கோலிலுள்ள சர்க்கரையிலிருந்து வண்டிக்கு எரிபொருள் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். சாதாரண ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தொடாது. அவர் மாற்றியமைத்த ஈஸ்ட், புட்டியில் வாங்கிய சுத்தமான சர்க்கரையில் நன்றாக வளர்ந்தது. அடுத்து நிஜ வைக்கோல் தேவைப்பட்டது. கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்தேன்.

"மருந்து அடிச்ச வயலுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நாங்க சாப்புடற நெல்லுங்க."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு வயலை மருந்தில்லாமல் விடுவோம். விற்கிற நெல்லுக்கு அடிப்போம். நெல்லைத் தனித்தனியாக மூட்டை கட்டுவோம். வைக்கோல் எல்லாம் ஒரே போரில் ஏறும். இது தெரிந்தும் நான் வீட்டில் விசாரிக்கவில்லை.

அந்த வைக்கோலில் மூன்று முறை வளர்த்துப் பார்த்தார்; மூன்று முறையும் ஈஸ்ட் செத்தது. தன் மரபணு வேலையில்தான் பிழை என்று அவர் முதலிலிருந்து தொடங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, அந்த வைக்கோலு எந்த வயலுதுங்க?"

"போர்ல உருவுனது, ஆரு கண்டா? மேல்வயலுக்குக் கொலநோய்னு ரெண்டு தடவ அடிச்சோம். ஏன், உங்க லேபுல மாடு கட்டியிருக்கீங்களா?"

குலைநோய்க்கு அடிப்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான்.

திங்கட்கிழமை கூட்டத்தில், அந்த ஈஸ்ட்டைக் கைவிடலாம் என்றும் ஆய்வாளர் வேறு திட்டத்துக்குப் போகட்டும் என்றும் ஆய்வுக்கூடத் தலைவர் சொன்னார். அவர் மறுக்கவில்லை. செய்தியாளனாக இருந்தவன் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது வெளியே வருமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் 'மரபணு வடிவமைப்பில் குறைபாடு' என்று எழுதினேன்.

புதன்கிழமை அவர் குப்பிகளைக் கழிவுப் பையில் போடத் தொடங்கியபோதுதான் மேல்வயல் மருந்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கை நின்றது.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப திங்கக்கிழமை எழுதிட்டு உக்காந்திருந்தப்பவே தெரியும்."

தெரியும் என்றேன்.

போட்ட குப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஃப்ரீசரில் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். "வாங்க. நான் சொன்னா, சாக்குச் சொல்றேன்னுதான் தலைவரு நெனப்பாரு. நீங்களே சொல்லுங்க."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, ரிப்போர்ட்டா?"

"ரிப்போர்ட்தானுங்க சார். தெரிஞ்சே தப்பா எழுதிட்டனுங்க."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பவில்லை.