அரக்கனுக்கு ஒரே அடி

ஞாயிறு மதியங்களில் பூந்தமல்லியில் யூசுப் வீட்டில் கூடி, பகடை உருட்டிக் கதை ஆட்டம் ஆடுவோம். யூசுப் என்னோடு பட்டறையில் வேலை செய்பவன். அன்று அவன்தான் அரக்கன். ஆட்டத்தில் என் மனைவி செல்வி மருத்துவச்சி, நான் காவல்காரன். ஒரு வருடமாக அவள் ஆசையாக வளர்த்த மருத்துவச்சிக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் சாவுதான். எங்கள் இருவரையும் அரக்கன் மூலையில் மடக்கியிருந்தான்.

ஆட்ட விதிப்படி, அரக்கனின் கைக்கெட்டும் இடத்திலிருந்து யார் விலகி ஓடினாலும் அவன் உடனே ஓர் அடி அடிக்கலாம். ஆனால் சுற்றுக்கு ஒரு முறைதான்.

என் முறை முதலில் வந்தது. வாடகைக்காக வீட்டுக்காரர் சத்தம் போட்டால்கூடச் செல்வியின் பின்னால் நிற்கிற ஆள் நான். என் காவல்காரன் பொம்மையை விலக்கி நகர்த்தினேன்.

"இன்னா அண்ணாத்தே, பொண்டாட்டிய உட்டுட்டு ஓட்றியா? அடி உழும், பரவால்லியா?" என்றான் யூசுப்.

"தெரியும். என்னைய அடி."

சிரித்துக்கொண்டே பகடையை உருட்டினான். என் காவல்காரன் சாய்ந்தான். அடுத்தது செல்வி.

"உன் அடி தீந்துபோச்சு யூசுப்பண்ணே, நான் கெளம்புறேன்!" என்று மருத்துவச்சி பொம்மையை வாசலைத் தாண்டி நகர்த்தினாள்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். செல்வி எழுவதற்குள் நானே போய்த் திறந்தேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் எனக்குப் பின்னால் இருந்தாள்.