ஓகே போட்டவனும் கிரேஸும்

தோல் சாமான் ஏற்றுமதியில் சரக்கு தைப்பது சுலபம். பேரம் எந்த நிமிஷத்தில் முடிந்தது என்று சொல்வதுதான் கஷ்டம். ஆபீசில் பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களே, இது உங்களுக்காக.

ஓகே

ஆம்பூரில் ஒரு ஜாக்கெட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டெலக்ஸ், ஃபேக்ஸ் எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஈமெயில் வந்த புதிதில், ஒரு ஜெர்மன்காரர் விலையைக் குறைத்துக் கேட்டு எழுதினார். 'மெயில் கிடைத்தது, பார்க்கிறேன்' என்ற அர்த்தத்தில் 'ஓகே' என்று பதில் போட்டேன். அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, தன் கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்த விலைக்கே சரக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

முதலாளி என்னைத் திட்டவில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து, கம்ப்யூட்டர் படித்த கிரேஸ் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே மெயிலுக்கு அந்தப் பொண்ணு பதில் போடட்டும். நீ ஃபேக்ஸ் பாரு."

விட்டுப்போன சைபர்

கிரேஸ் வெப்சைட் ஆரம்பித்து அதில் ஜாக்கெட் விற்றாள். ஒரு நாள் விலையில் கடைசி சைபர் விட்டுப்போயிருந்தது. லண்டனிலிருந்து ஒருவர் பெட்டி பெட்டியாக ஆர்டர் போட்டுவிட்டார். பொய் சொல்வானேன், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது. நானே போய் முதலாளியிடம் சொன்னேன்.

அவள் பதறவில்லை. லண்டன்காரருக்குத் தானாகப் போயிருந்த பதிலைக் காட்டினாள். 'உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது. நாங்கள் ஏற்றுக்கொண்டு மறுபடி எழுதினால்தான் பேரம் முடிந்ததாகும்' என்று அதில் இருந்தது. அவரும் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கிரேஸ் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "கடையில விலை எழுதி மாட்றது வாங்கன்னு கூப்பிடறது மாதிரிதான் சார். வித்துட்டதா ஆயிடாது."

டிக்

பணம் கட்டுமுன் 'நிபந்தனைகளுக்குச் சம்மதம்' என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று வைத்தாள். எவன் படிப்பான் என்று கேண்டீனில் கேலி செய்தேன். பெங்களூர்க்காரர் ஒருவர் ஜாக்கெட்டை மழையில் நனைத்துவிட்டு, திருப்பி எடுக்கச் சொல்லி போன் செய்தார். நனைந்ததை எடுப்பதில்லை என்பது நிபந்தனை. போனை எடுத்தவன் நான். கலகத்தை மூட்டிவிடலாம் என்று, "அதையெல்லாம் நீங்க படிச்சே இருக்க மாட்டீங்களே சார்?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்னார்: "படிக்கலதான். ஆனா டிக் போட்டது நான்தானே? போனை அந்த மேடத்துகிட்ட குடுங்க, ஒரு பெல்ட் வேணும்."

அந்த வருஷம் இத்தாலி தோல் கண்காட்சிக்கு கிரேஸ் போனாள். சென்னைக்குப் போய் அவளுக்கு பிளேன் டிக்கெட் வாங்கி வந்தது, உங்களைப் போலவே சர்வீசில் சீனியரான நான்.