முதலாளியின் பெயருக்கு வந்த கடிதங்கள்

போர்க்காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் கணினியில் தரவு பதியும் வேலை எனக்கு. கல்லடியில் கணினி வகுப்புக்குப் போய்ப் படித்ததெல்லாம் விரல்நுனியில் துறுதுறுத்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்றில் இராணுவ முகாம்களுக்கு அரிசி, மரக்கறி, விறகு கொடுப்பவர்கள். மற்றதில் வெளிநாட்டிலிருந்து பதிவுத் தபால் பெற்றவர்கள். இரண்டையும் பொருத்தி, முகாமுக்குச் சாமான் கொடுப்பவர்களில் யாருக்குப் பின்னால் வெளிநாட்டுக் கை இருக்கிறதென்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள், தந்தார்கள். அன்று பின்னேரத்துக்குள்ளேயே முடித்துவிட்டேன்.

“கொஞ்சம் இழுத்திருக்கலாமே புள்ள! இனி எல்லா வேலையையும் நம்மட தலையில கட்டுவானுகள்,” என்றார் எனக்கு மேலிருந்த பிரதம லிகிதர்.

மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கடிதங்கள். ஒருவருக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய. அந்தப் பெயரைச் சிவப்பாக்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அம்மா சந்தையிலிருந்து பதறிக்கொண்டு வந்தா. “மரக்கறிக் கடை முதலாளிய ஆமி கொண்டு போயிற்றாம். இனி அக்காட கடிதம் எங்க வரும்?”

நான் சிவப்பாக்கியது அவருடைய முழுப்பெயர். ஊருக்கே அவர் வெறும் முதலாளி. உன்னிச்சைப் பக்கத்து ஊர்களுக்குத் தபால் போகாத காலம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன என் அக்கா மாதிரிப் பெண்கள் அவர் பெயருக்கே எழுதுவார்கள். வெளி உறையை அவரே பிரித்து, உள்ளிருக்கும் கடிதத்தை மட்டும் கொடுப்பார். மரக்கறி கொண்டுவரும் சனம் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போகும். வீடு மாறிக்கொண்டேயிருந்த எங்களுக்கும் அதுதான் விலாசம்.

அக்காவின் கடிதங்களை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். அதிகாரி வாசித்துப் பார்த்தார்.

“சரி, இது உங்கட. மற்றதெல்லாம் யாருடையது?”

கடிதம் போகும் ஒவ்வொரு வீட்டையும் எனக்குத் தெரியும். சொன்னால் முதலாளி அன்றைக்கே வெளியே வரலாம். பிறகு அந்த வீடுகளும் ஒரு பட்டியலாகும்.

“தெரியாது,” என்றேன்.

மேலும் ஐந்து நாள் கழித்துத்தான் அவரை விட்டார்கள். அம்மாவும் நானும் கடைக்குப் போனபோது, பூசணிக்காய் அடுக்குவதை அவர் நிறுத்தவில்லை.

“கோவிக்காதீங்க கா. இனி என்ட பேருக்கு ஒருத்தரும் எழுத வேணாம்.”

வழிநெடுக அம்மா, காட்டிக் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டே வந்தா. அந்த வருடம் முழுவதும் அக்காவிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.