அக்காவின் நேர் வகிடு

போன ஞாயிறு காலை, பொதட்டூர்பேட்டையில் அக்கா வீடு. காபி கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்... வந்தபாடில்லை. எட்டிப் பார்த்தால், அக்கா கண்ணாடி முன் நின்று சீப்பு முனையால் வகிடு எடுக்கிறாள், கலைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள்.

"எந்தக் கல்யாணத்துக்குக்கா?" என்றேன்.

"உங்க பாவாவுக்காகத்தான்டா. கோணலா எடுத்தா அந்த மனுசன் பயந்துடுவாரு."

சீரியஸாகத்தான் சொன்னாள்.

பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வீட்டிலேயே பவர்லூம் ஓட்டுகிறார். நெய்வது கட்டம் போட்ட லுங்கி. வருஷக்கணக்காகச் சர்க்கரை வியாதியும் உண்டு. சில மாதங்களுக்கு முன் திடீரென்று தறியோடு தகராறு — கட்டம் நேராக விழவில்லையாம். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். தறியில் ஒரு கோளாறும் இல்லை.

"இழை வளைஞ்சிகினு போவுது, தெரியல?" என்று அக்காவிடம் காட்டினார் பாவா.

"நேராத்தாங்க கீது!"

பெண்டாட்டி சொன்னால் உடனே நம்பிவிடுவதா? பாவா ஒரு முடிவுக்கு வந்தார்... இவளுக்குத்தான் கண்ணில் ஏதோ கோளாறு. நிஜமான கவலையோடு அவளை பஸ் ஏற்றி, திருத்தணியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அக்கா கண்ணில் ஒன்றுமில்லை. விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா, "அப்படியே நீங்களும் உட்காருங்க" என்றார். கட்டம் அச்சடித்த அட்டை ஒன்றைக் காட்டினார்.

"இதுவும் வளைஞ்சிதான் கீதும்மா" என்றாராம் பாவா, அச்சடித்தவர் மேல் வருத்தத்தோடு.

சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கசிந்து வீங்கியிருந்தது. வலியே இல்லாமல்! வலித்தால் ஓடுவோம். வலிக்காததற்கு யார் டாக்டரைத் தேடிப் போகிறார்கள்? சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷா வருஷம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டுமாம். பாவா காட்டியதே இல்லை.

டாக்டர் மறைக்கவில்லை. மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி. வலது கண் தேற வாய்ப்புண்டு. இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது.

"கண்ணுலியா ஊசி? வேணாம்மா, அப்டியே வுட்டுடுங்க!" பாவா எழுந்தே விட்டார்.

அக்கா அவர் கையைப் பிடித்தாள். "எனக்குக் கண்ணு போச்சின்னு பயந்துதான இவ்ளோ தூரம் கூட்டினு வந்தீங்க? அந்த பயம் எனக்கு இருக்கக் கூடாதா?"

பாவா உட்கார்ந்துவிட்டார்.

மரத்துப்போக சொட்டு மருந்து விட்டுத்தான் ஊசி. "எறும்பு கடிச்சா மாதிரி கூட இல்ல" என்கிறார் இப்போது, பெரிய வீரராக! சில ஊசிகளுக்குப் பிறகு வலது கண்ணில் கோடுகள் நிமிர்ந்தன. இடது கண் டாக்டர் சொன்னபடியேதான். அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் அக்கா முகம் இருக்கும் இடத்தில் வெறும் மங்கல் என்றார் பாவா.

தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். கோடு மறுபடி வளைந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கொடுத்தனுப்பிய அட்டை சுவரில் தொங்குகிறது. பாவா அதைப் பார்க்கிறார்தான்... ஆனால் முதல் பரீட்சை அக்காவின் வகிட்டில்!

அன்றும் அவளை எதிரே உட்காரவைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். அக்கா அசையவில்லை.

"ஆங்... நேராத்தான் கீது."

ஒருவழியாகக் காபி வந்தது. டம்ளரைக் கொடுத்தபடி அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுசன் என்னை இவ்ளோ உத்துப் பாத்ததே இல்லடா."

காபி ஆறித்தான் போயிருந்தது... ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.