முதல் நாள் எது என்று டாக்டர் கேட்டார்

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கு முதுகு வலித்தது. மூன்று நாளாகக் குனிந்து நிமிர்ந்த வலி என்று நினைத்தேன். அப்புறம் தொண்டை கரகரத்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்த தூசி என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் குளிரெடுத்தது. அதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

2009ஆம் வருடம், கார்த்திகைக் கடைசி. பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கும் பன்றிக் காய்ச்சல் (புதுவகைக் கிருமியால் மூச்சு வழியே பரவும் காய்ச்சல்) பற்றித்தான் பேச்சு. வீடு மாறும்போது நோயையும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாமான் ஏற்ற வந்தவர்களை மூக்கில் துண்டு கட்டச் சொன்னேன். சிதம்பரத்தில் பிடித்திருந்த வீட்டின் கதவுப் பிடி, சுவிட்ச் எல்லாவற்றையும் முன்கூட்டியே போய்த் துடைத்து வைத்தேன். மகளுக்கு முகமூடி வாங்கினேன். ஊரில் எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது, என்னைத் தவிர.

காய்ச்சல் என்று தெரிந்ததும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான்கு நாளில் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள். தை வரைக்கும் இருக்கலாமென்றால், கடலூர் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார். என் கணவரும் சிதம்பரத்துக்கு மாற்றலாகி, தினம் போய் வந்து அலுத்திருந்தார்.

இவையெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா.

எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவது நாத்தனாரின் உரிமை. அவர் கையால் அடுப்புப் பற்றவைத்து, பால் பொங்கி வழிய வேண்டும். மஞ்சக்குப்பம் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது, காட்டுமன்னார்கோயிலிலிருந்து அண்ணி வந்த பஸ் தாமதமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று என் அம்மா பாலைக் காய்ச்சிவிட்டார். அண்ணி வந்து பார்த்தார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அப்புறம் இரண்டு வருடம் என்னோடு பேச்சில்லை. இந்த முறை நானே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தேன். கடைசி நேரத்தில் போன் செய்து "வராதீங்க அண்ணி, எனக்குக் காய்ச்சல்" என்றால் எந்த நாத்தனார் நம்புவார்?

யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. பாராசிட்டமால் (காய்ச்சலைத் தற்காலிகமாகத் தணிக்கும் மாத்திரை) இரண்டை விழுங்கிவிட்டு விடியற்காலை வண்டி ஏறினேன்.

அண்ணி எங்களுக்கு முன்பே வந்து வாசலில் கோலம் போட்டிருந்தார். பால் பொங்கியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தியானம் வரை சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சிதம்பரத்தில் மருத்துவமனைக்குப் போனோம். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். இளம் வயது டாக்டர், பொறுமையாகப் பேசினார்.

"காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சிதும்மா? மொத நாள்லேர்ந்து உங்களோட நெருங்கி இருந்தவங்க யார் யார்? நோய் வராம இருக்க அவங்களுக்கும் மாத்திரை குடுக்கணும்."

கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், காய்ச்சலோடு அவருடைய அக்காவை அழைத்து உட்காரவைத்தேன் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

"நேத்து சாயங்காலந்தான் சார். இவரும் பாப்பாவும் மட்டுந்தான்" என்றேன்.

அண்ணி முந்தின நாள் மத்தியானமே பஸ் ஏறிப் போயிருந்தார். கணக்குச் சரியாக இருந்தது. கணவருக்கும் மகளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அந்தக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தபோது நான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தேன்.

பால் காய்ச்சிய ஐந்தாம் நாள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து அண்ணியின் கணவர் போன் செய்தார். "ரெண்டு நாளா காய்ச்சல். இப்ப மூச்சு வாங்குது. பேசவே முடியலப்பா அவளால."

புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா (நுரையீரலில் சளியும் நீரும் கோத்துக்கொள்ளும் நிலை). ஒன்பது நாள் வென்டிலேட்டரில் (மூச்சு விட உதவும் இயந்திரம்) இருந்தார். எனக்குக் குணமாகிவிட்டதால், துணைக்கு இருக்க நானே போனேன். அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, "இந்தக் காலத்துல நாத்தனாருக்கு இப்படிப் பாக்குறவங்க யாரு இருக்கா" என்றார்கள். செருப்பால் அடித்தது போல இருந்தது.

அண்ணி பிழைத்தார். ஆனால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது. பத்து அடி நடந்தால் நிற்க வேண்டும். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசினார்.

அடுத்த வருடம் ஒரு நாள், காட்டுமன்னார்கோயிலில் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அதற்கு மேல் தாங்க முடியாமல் சொன்னேன். "அண்ணி, அன்னிக்கிப் பால் காய்ச்சறப்பவே எனக்குக் காய்ச்சல் இருந்திச்சி."

"தெரியும்" என்றார். "நீ குங்குமம் வச்சப்ப... ஒன் வெரலு கொதிச்சிதே."

"அப்பவே கெளம்பியிருக்கலாமே அண்ணி?"

"ரெண்டு வருஷம் கழிச்சிக் கூப்புட்டிருக்க. பாலு பொங்கறதுக்கு முன்னாடி... எப்படிடி கெளம்பறது?" சிரிக்கப் போய் இருமினார். "வுடு. ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. டாக்டர் கேட்டதும் நான் சொன்னதும் இன்னும் என் தொண்டையிலேயே இருந்தன. அண்ணி தன் பங்குப் பழியை எடுத்துக்கொண்டு என்னை மன்னித்துவிட்டார். அந்த மன்னிப்பு கெட்டுவிடும் என்று பயந்து மீதியை விழுங்கிவிட்டேன். போன மாசியில் அண்ணி இறந்துபோனார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீடு மாறும் நேரத்தில் காய்ச்சலோடு இருந்தால், என்னிடம் ஒரு யோசனைதான் இருக்கிறது. நாளைத் தள்ளிப்போட முடியாமல் போகலாம். சொந்தக்காரர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் டாக்டர் முதல் நாள் எது என்று கேட்கும்போது, பக்கத்தில் யார் நின்றாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"சொல்லியிருந்தா அக்காவுக்கும் அன்னிக்கே மாத்திரை குடுத்திருப்பாங்க இல்ல?" என்றார்.

"குடுத்திருப்பாங்க" என்றேன்.

காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான்கு நாளாகிறது. வருகிறார், சாப்பிடுகிறார், மகளோடு மட்டும் பேசுகிறார். பால் காய்ச்சியதிலிருந்து அந்தப் போன் வரும்வரை நான் சொல்லாமல் கடத்திய ஐந்து நாள் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. வேலைக்கு நடுவே கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சூடு இல்லை. இருந்தால் இந்தத் தடவை உடனே சொல்லிவிடுவேன். அவர் நம்ப வேண்டும்.